நோம் டு உட்கியாக்விக்: தூரமும் பறக்குற நேரமும் நாமளே கணக்கு போடுறது எப்படி

அலாஸ்காவுல மேற்குக் கரையில நோம், வடக்கு முனையில உட்கியாக்விக். ரெண்டுக்கும் வெளிய இருந்து போக ரோடே கிடையாது, அதனால மேப்ல வழி கேட்டா கைய விரிச்சிடும். தூரம் சொல்ற சைட்டுங்க மட்டும் 835 கிமீ, ஒன்றரை மணி நேரம்னு டக்குனு சொல்லும். தூரம் சரிதான், ஆனா அந்த ஒன்றரை மணி நேரத்த நம்பி பிளான் போட்றாதீங்க.

ஸ்டெப் 1: கூகுள் மேப்ல ஊர் மேல ரைட் கிளிக் பண்ணி நம்பர காப்பி பண்ணுங்க, முதல்ல வர்றது அட்சரேகை, ரெண்டாவது தீர்க்கரேகை. நோம் 64.50, -165.41. உட்கியாக்விக் 71.29, -156.79. (2016 டிசம்பர் வரைக்கும் இந்த ஊருக்கு பாரோன்னு பேரு, ஏர்போர்ட் கோடு இப்பவும் பி.ஆர்.டபிள்யூ.தான். வெறும் பாரோன்னு தேடினா இங்கிலாந்துல ஒரு பாரோவ காட்டினாலும் காட்டும், உஷார்.) நோமோட மைனஸ் மட்டும் விட்டுப்போச்சுன்னா அது ரஷ்யாவுல போய் உக்காந்துக்கும், தூரம் 1,700 கிமீ தாண்டிடும்.

ஸ்டெப் 2: அட்சரேகை வித்தியாசம் 6.79. ஒரு டிகிரி அட்சரேகைன்னா சுமார் 111 கிமீ, அதனால அத 111ஆல பெருக்குனா 754 கிமீ.

ஸ்டெப் 3: தீர்க்கரேகை வித்தியாசம் 8.62. இதையும் சும்மா 111ஆல பெருக்குனா மொத்த தூரம் 1,200க்கு மேல எகிறிடும், ஏன்னா துருவத்துப் பக்கம் போகப்போக தீர்க்கரேகைங்க நெருங்கிட்டே வரும், இங்க ஒரு டிகிரிங்கறது வெறும் 42 கிமீதான். அதனால நடு அட்சரேகையோட (67.895) கொசைன் எடுத்து அதாலயும் பெருக்கணும்: 8.62 × 111 × 0.376 = 360 கிமீ.

மாட்டுற இடம் இதுதான். எக்ஸெல்ல கொசைன் போட்டா அது டிகிரிய எடுத்துக்காது, ரேடியன்னு (கோணத்த அளக்குற இன்னொரு அலகு) நினைச்சுக்கும். இந்த ரெண்டு ஊருக்கும் தப்பா போட்டாலும் 0.344ன்னு வந்து கடைசி விடை 822 கிமீன்னு நிக்கும், பக்கத்துலயே இருக்கறதால யாருக்கும் சந்தேகமே வராது! அதே ஷீட்ட 60 டிகிரில இருக்கற ஊருக்கு போட்டுப் பாருங்க, 0.5 வர வேண்டிய இடத்துல மைனஸ் 0.95ன்னு வரும். முதல்ல டிகிரிய ரேடியனா மாத்திட்டு அப்புறம் கொசைன் எடுங்க.

754, 360 ரெண்டையும் வர்க்கம் பண்ணி கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 835. ஆயிரம் ரெண்டாயிரம் கிமீ தூரத்துல இருக்கற ஊருங்களுக்கு இந்த குறுக்குவழி வேணாம், கிரேட் சர்க்கிள் மேப்பர் சைட்டுக்கு போயிடுங்க, விளம்பரம் ரொப்பி வச்சிருக்கற மத்த சைட்டுங்கள விட எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஸ்டெப் 4: நேரம். கிலோமீட்டர 800ஆல (விமானம் மணிக்கு சுமார் 800 கிமீ போகும்னு வச்சுக்கிட்டு) வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேருங்க. ஒன்றரை மணி வரும். ஆனா டிக்கெட் தேடினா அலாஸ்காவோட தெற்குல இருக்கற ஆங்கரேஜ் வழியாத்தான் காட்டும், அதாவது தெற்க இறங்கி மறுபடி வடக்க ஏறணும்: நோம்ல இருந்து ஆங்கரேஜ் சுமார் 865 கிமீ, அங்கிருந்து உட்கியாக்விக் 1,165. மொத்தம் 2,030 கிமீ, பறக்குற நேரம் மட்டும் மூன்றரை மணி, நடுவுல காத்திருக்கறது தனி. அதனால ரூட் எப்படின்னு பாத்துட்டு ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியா கணக்கு போடுங்க.

அப்டேட்: எனக்கு 451 வருதேன்னு ஒருத்தர் கமெண்ட்ல கேட்டிருந்தாரு. அது நாட்டிக்கல் மைல் (கப்பல், விமானத்துக்கு பயன்படுத்தற மைல்), கிமீ வேணும்னா 1.852ஆல பெருக்குங்க. 519 வந்தா சாதா மைல்.