தோட்டத்து ஊரில் போய்க் குடியிருக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

மலேசியா என்றதும் எல்லாருக்கும் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம்தான் ஞாபகம் வரும். ஆனால் ஊரிலிருந்து வேலைக்கு வருகிற பல பேர் போய்ச் சேருவது சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், பந்திங் மாதிரி ஒரு இடத்துக்கு: ஒரு பெரிய தெரு, ஒரு சந்தை, ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்பனை, அதாவது பாமாயில் மரம். நான் இருப்பது சுங்கை சிப்புட்டில், ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். இங்கே வரப்போகிறவர்கள் என்னிடம் தவறாமல் சொல்வது, "அங்கதான் தமிழ் பேசுறாங்களே, அப்புறம் என்ன கஷ்டம்?" கஷ்டமே அதில்தான் இருக்கிறது. தமிழ் இருக்கிறதே என்ற தைரியத்தில் எதற்கும் தயாராகாமல் வந்து இறங்கிவிடுகிறோம்.

முதலில் காகிதம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை இங்கே தங்கலாம், வந்து இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவத்தை நிரப்பினால் போதும். ஆனால் அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. "டூரிஸ்ட்ல போ, அங்க போய் பெர்மிட் மாத்திக்கலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள், அவன் உங்கள் மாமா பையனாகவே இருந்தாலும் சரி. பத்தாம் வகுப்பு முடிக்காததால் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று குறித்த பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்கள் மலேசியாவுக்கு வேலைக்கு வர இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்பதை அரசின் இமைக்ரேட் தளத்திலேயே பார்க்கலாம். இன்னொன்று, வேலை பெர்மிட் ஒரு முதலாளியின் பெயரில்தான் வரும். பக்கத்துக் கடையில் இருநூறு வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கூடத் தருகிறார்கள் என்று தாவினால் அந்த நிமிடமே நீங்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறீர்கள்.

பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். "பத்திரமா வச்சிருக்கேன் தம்பி" என்று பாசமாகத்தான் கேட்பார்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி இங்கே குற்றம் என்று தெரிந்துகொண்டு, சண்டை போடாமல், சிரித்துக்கொண்டே, "நானே வச்சுக்கிறேன் பாஸ், பேங்க்ல கேக்கிறாங்க" என்று சொல்லப் பழகுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 2025 ஆகஸ்டிலிருந்து ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கிற சின்னக் கடைக்கும் இதே கணக்குதான். வாரத்துக்கு 45 மணி நேரம், ஒரு நாள் லீவு, அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு ஓட்டி, அதாவது ஓவர்டைம் சம்பளம். செய்த மணி நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிரச்சினை என்று தொழிலாளர் இலாகாவுக்குப் போனால் வாய்ப்பேச்சை விட அந்த நோட்டு உதவும்.

அடுத்தது மலாய். கடைத்தெருவில் தமிழ் ஓடும், சில சீனக் கடை முதலாளிகள்கூட நம்மை விட வேகமாகத் தமிழ் பேசுவார்கள், அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கிளினிக், போலீஸ் நிலையம், இமிகிரேஷன் எல்லாம் மலாயில்தான். ஆங்கில எழுத்திலேயே எழுதுகிற மொழி என்பதால் பலகைகளைப் படித்தே பாதி கற்றுக்கொள்ளலாம். எண்கள், இடது வலது, உடம்பு உறுப்புகள், 'பெராப்பா' (எவ்வளவு), 'தோலோங்' (உதவி செய்யுங்கள்), 'தெரிமா காசே' (நன்றி), இவ்வளவு வந்தால் முதல் மாதம் ஓடிவிடும். அரசாங்க ஆபீசுக்கு முழுக்கால்சட்டையும் ஷூவும் போட்டுப் போங்கள், அரைக்கால்சட்டையோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

இப்போது இந்த ஊர்க்காரர்கள். நம்மாட்கள் அதிகம் சொதப்புவது இங்கேதான். இங்குள்ள தமிழர்கள் தமிழ்நாட்டிலிருந்து வழிதவறி வந்த உறவுக்காரர்கள் இல்லை, மூன்று நான்கு தலைமுறையாக இந்த மண்ணின் குடிமக்கள். ரப்பர் தோட்டத்துக்காக வெள்ளைக்காரன் கொண்டுவந்த மக்கள், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பிறந்து, விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போனவர்கள். 1948 ஜூனில் இதே சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைகள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டு நாடு முழுக்க அவசரகாலம் வந்தபோது, அந்தக் கெடுபிடிக்குள் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்தன. இந்த ஊரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளிகளின் காசைச் சேர்த்தே தோட்டம் வாங்கலாம் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இப்போது ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல குடும்பங்கள் டவுன் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்துவிட்டன, தோட்ட வேலையில் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் இருக்கிறார்கள்.

இவ்வளவும் தாண்டி வந்தவர்களிடம் போய், "உங்க தமிழ் ஒரு மாதிரி இருக்கே" என்று சிரித்தால் எப்படி இருக்கும்? சொந்த ஊர் எது, என்ன ஆளுங்க என்று முதல் நாளே விசாரிக்கிற பழக்கத்தையும் ஏர்போர்ட்டிலேயே விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் "நீங்க எந்தத் தோட்டம்ணே?" என்று கேளுங்கள். எதிரில் இருக்கிற தே தாரேக் (இழுத்து ஆற்றிய டீ) ஆறிப்போகும் வரை பேசுவார்கள். வயதானவர்களாக இருந்தால் நாகப்பட்டினத்திலிருந்து வந்த ராஜுலா கப்பல் வரைக்கும் போகும். காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறியாச்சா?" என்பார்கள், ஆச்சு என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கேளுங்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் காய்கறி நறுக்க ஆள் தேவைப்படும், கூப்பிடாமலே போகலாம். சாவு வீட்டுக்குக் கட்டாயம் போங்கள். முகம் தெரியாத வீடாக இருந்தாலும் நாற்காலி இறக்கிப் போட்ட கையை இங்கே மறக்க மாட்டார்கள்.

விளக்குக் கம்பங்களில் உடனடிக் கடன் என்று போன் நம்பரோடு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆ லோங், அதாவது சட்டவிரோத வட்டிக்காரர்கள். திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். உங்கள் பேங்க் கார்டைக் கொஞ்ச நாள் கொடுத்தால் காசு தருகிறேன் என்கிறவனும் அதே ஜாதிதான், அவன் திருட்டுப் பணத்தை உங்கள் கணக்கில் ஓட்டிவிட்டுப் போய்விடுவான், போலீஸ் உங்களைத் தேடி வரும்.

துணியைக் காலையிலேயே காயப்போடுங்கள், மத்தியானத்துக்கு மேல் மழையை நம்ப முடியாது. சாயங்காலத்துக்கு மேல் பஸ்ஸையும் நம்ப முடியாது. கோலாலம்பூருக்கு ரயில் நம்ம ஊரிலேயே நிற்கும், அதில் போவது சுகம். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயில்.

ஊருக்குப் போகத் தீபாவளி டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள், திருச்சிக்கே நேராக விமானம் இருக்கிறது. வீட்டிலிருந்து மைலோவும் கோடாலித் தைலமும் கேட்பார்கள், ஏழு வீட்டுக்கும் சேர்த்து. தைலத்தைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி வையுங்கள். மைலோவை டின்னாக வாங்காமல் பாக்கெட்டாக வாங்கினால் எடை மிச்சம்.