கடற்கரையில் விளையாடி வந்த பையின் ஈரவாடையைப் போக்குதல்

விளையாட்டுப் பையைத் திறந்ததும் முடைநாற்றம் முகத்தில் அடித்தால், வாசனைத் திரவியத்தைத் தெளிக்கத் தோன்றும். அதைச் செய்ய வேண்டாம். வியர்வைக்குத் தனியாகப் பெரிய மணம் இல்லை. ஈரத்தில் பெருகும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதும், துணியில் பூஞ்சணம் படரும்போதும்தான் நாற்றம் பிறக்கிறது. எனவே ஈரம் எங்கே தங்கியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

குமரி மாவட்டத்தில் களியக்காவிளைக்கும் கொல்லங்கோட்டுக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில், ஜூனில் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையும் அது ஓய்ந்து சில வாரங்களில் ஐப்பசி மழையும் வந்துவிடுவதால், வெயிலை நம்பி எதையும் உலர்த்த முடியாத நாட்கள் மிகுதி. என் மகனுடைய கால்பந்துப் பையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. மூன்றாம் முறைதான் அடியில் விரித்திருந்த பலகையை உருவிப் பார்க்கத் தோன்றியது. பலகை என்று நான் நினைத்திருந்தது, கறுப்புத் துணி உறைக்குள் செருகிய வெறும் அட்டை. ஊறிப் போய், விரல் பட்ட இடத்தில் பிய்ந்து வந்தது, விளிம்பெல்லாம் சாம்பல் நிறத்தில் பூத்திருந்தது. அத்தகைய அட்டையைக் கழுவிப் பயனில்லை. எறிந்துவிட்டு, அதே அளவில் வெட்டிய பிளாஸ்டிக் தகட்டை வைத்துக்கொள்ளலாம். பையைத் திறந்து உதறும் வேலையை முற்றத்தில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்வது நல்லது. வீட்டில் இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் இருந்தால் அவர்கள் விலகியிருக்கட்டும்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்களில் மணலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைகளின் பைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பகலில் நன்றாகக் காய்ந்த பை, மறுநாள் காலையில் தொட்டால் மறுபடியும் பிசுபிசுக்கும். மழைநீர் உள்ளே போகவில்லையே என்று வியக்க வேண்டியதில்லை, காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே சமையலுப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே அவ்வாறு செய்யும். ஆகவே உப்பைக் களையாமல் எத்தனை நாள் காயப்போட்டாலும் பை உலர்ந்த நிலையில் நிற்காது. பையை உட்புறம் வெளியே தெரியுமாறு புரட்டி, தையல் மடிப்புகளிலும் பக்கப் பைகளின் மூலைகளிலும் ஒட்டிய மணலைப் பழைய பல்துலக்கியால் தட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும்.

அதன் பிறகே மற்ற மருந்துகள். மென்மையான சலவைத்தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் தேய்த்து அலசியபின், ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து உட்புறம் முழுவதும் நனையுமாறு துடைத்து, அரை மணி நேரம் விட்டு மீண்டும் அலசலாம். ஜிப்பு உலோகமாக இருந்தால், துருவேறாமல் இருக்க அதைக் கூடுதலாகக் கழுவ வேண்டும். வினிகரையும் ஆப்பச்சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் இரண்டின் பலனும் வீணாகும். சோடாவைப் பை நன்றாக உலர்ந்த பிறகு தூவி, ஓர் இரவு வைத்திருந்து உதறுவதே முறை. பிளீச்சிங் பவுடர் பக்கம் போகவே வேண்டாம்: நைலானையும் எலாஸ்டிக்கையும் கெடுப்பதோடு, வினிகருடன் சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரினை வெளிவிடும்.

மழை நாளில் உலர்த்துவதற்கு, எல்லா ஜிப்புகளையும் திறந்து, பையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மின்விசிறிக்கு நேராக வைக்க வேண்டும். கசக்கிய செய்தித்தாளைப் பையிலும் பூட்ஸிலும் திணித்து, அது நமுத்ததும் மாற்ற வேண்டும். காலையில் வைத்த தாளையே மாலை வரை விட்டுவைத்தால், உறிஞ்சிய ஈரம் உள்ளேயே இருக்கும். விறகடுப்பின் மேல் தொங்கவிடுவோரும் உண்டு. பையின் பூச்சு இளகுவதோடு புகைவாடையும் ஏறிவிடும் என்பதால் நான் அதை விட்டுவிட்டேன். சிரட்டைக்கரியைத் துணியில் முடிந்து உள்ளே வைப்பதில் தவறில்லை, ஆனால் ஆலையில் பதப்படுத்திய கரிக்குள்ள நுண்துளைகள் அடுப்புக்கரியில் அவ்வளவாக இல்லாததால், மிச்ச வாடையைச் சற்றுக் குறைக்குமே தவிர ஈரத்தை எடுக்காது.

இத்தனைக்குப் பிறகும் வாடை நீடித்தால், உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். நீர் புகாமல் இருக்கப் பூசிய பாலியூரித்தேன் பூச்சு, ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் கிடந்து சிதைந்திருந்தால் ஒட்டும், அல்லது செதில் செதிலாகக் கையோடு வரும். அது கழுவினால் தீரும் கோளாறு அன்று. அந்தப் பையை மாற்றிவிட வேண்டியதுதான்.