சின்னக் குளத்துக்குச் செடி வாங்கும் முன்: எதை, எவ்வளவு, எந்த ஆழத்தில்?

நர்சரியில் முதலில் கண்ணில் படுவது பூதான். பூவை மட்டும் பார்த்து வாங்கிய செடிதான் குளத்தில் முதலில் வீணாகிறது. கிளம்பும் முன் இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: குளத்தின் ஆழம், தண்ணீரில் நேரடி வெயில் விழும் நேரம். எந்தச் செடி என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்யும்.

கணக்குக்காக 1.5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 45 செ.மீ. ஆழமுள்ள குளத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 800 லிட்டர் பிடிக்கும்.

1. அளந்து பாருங்கள்

காலை 7 மணியிலிருந்து மாலை 5 வரை, மணிக்கு ஒருமுறை தண்ணீரில் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். அல்லி நன்றாகப் பூக்க 5-6 மணி நேரமாவது வெயில் வேண்டும். தாமரைக்கு 6 மணிக்குக் குறையக் கூடாது. 3-4 மணி நேரம்தான் கிடைக்கிறதென்றால் குடைக்கோரை, வல்லாரை, நீர்ப்பிரம்மி என்று ஓரச் செடிகளை நம்புங்கள். வெயில் இல்லாத இடத்தில் எந்த உரம் போட்டாலும் அல்லியில் இலைதான் வரும்.

ஆழத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். "30 செ.மீ. ஆழத்தில் வையுங்கள்" என்றால், தொட்டியின் மண்ணுக்கு மேல் 30 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும் என்று பொருள். 45 செ.மீ. குளத்தில் 20 செ.மீ. உயரத் தொட்டியை வைத்தால் செடிக்குக் கிடைப்பது 25 செ.மீ. மட்டுமே.

2. முதலில் நீரடிச் செடிகள்

யாரும் ஆசைப்பட்டு வாங்காத இந்தச் செடிகள்தான் தண்ணீரைத் தெளிவாக வைக்கின்றன. பாசி வளரத் தேவையான சத்தை இவை முந்திக்கொண்டு உறிஞ்சிவிடும். ஹார்ன்வொர்ட், வாலிஸ்னேரியா இரண்டும் புதியவர்களுக்கு ஏற்றவை. ஐந்தாறு தண்டுகள் சேர்ந்தது ஒரு கொத்து. இரண்டு சதுர அடிக்கு ஒரு கொத்து என்று வைத்தால் நம் குளத்துக்கு 9-10 கொத்து வேண்டும். ஹார்ன்வொர்ட்டுக்கு வேர் கிடையாது. ஒரு கல்லில் தளர்வாகக் கட்டி இறக்கினால் போதும். இறுக்கிக் கட்டினால் கட்டிய இடத்தில் தண்டு அழுகிவிடும்.

3. அல்லி: ஒன்றே ஒன்று

இலைகள் நீர்ப்பரப்பில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை மூடலாம், அதற்கு மேல் வேண்டாம். 1 மீட்டர் அகலத்துக்குப் படரும் ஒரு நடுத்தர அல்லியே நம் குளத்தில் கிட்டத்தட்ட பாதியை மூடிவிடும். இரண்டாவது அல்லிக்கு இங்கே இடமில்லை. தாமரையையும் இதே குளத்தில் சேர்க்காதீர்கள். ஓட்டையில்லாத அகலமான தனித் தொட்டியில் வளர்ப்பது நல்லது. நீரூற்று இருந்தால் அதன் தெறிப்பு அல்லி இலைமேல் விழாத தூரத்தில் தொட்டியை வையுங்கள்.

4. ஓரத்துக்கும் மேற்பரப்புக்கும்

வசம்பு, குடைக்கோரை, நீர்ப்பிரம்மி ஆகியவற்றில் ஒவ்வொரு தொட்டி போதும். செங்கல் அடுக்கி, மண்ணுக்கு மேல் 5 செ.மீ. தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். சம்பைத் தவிர்த்துவிடுங்கள், அதன் கிழங்கு முனை கூர்மையானது, அடியில் விரித்த ஷீட்டையே துளைத்துவிடும்.

மிதக்கும் செடியில் ஆகாயத்தாமரை மூன்று நான்கு போதும். வெங்காயத்தாமரையையும் சிலர் அதே பெயரில் கொடுப்பார்கள். இலைக்காம்பு வெங்காயம் போல உப்பி, ஊதாப் பூ பூத்தால் அது வெங்காயத்தாமரை, வாங்காதீர்கள். சூடான பருவத்தில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2016-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. ஆகாயத்தாமரைக்கும் சில நாடுகளில் தடை உண்டு, விசாரித்துவிட்டு வாங்குங்கள். எந்தச் செடி மிஞ்சினாலும் ஏரியிலோ வாய்க்காலிலோ வீசாமல், வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.

5. நடும் முறை

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நிரப்பியபின் இரண்டு நாள் விட்டு நடுங்கள். அல்லிக்கு 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத் தொட்டி எடுங்கள். களிமண் கலந்த தோட்டத்து மண் மட்டும் போதும். தென்னை நார்க்கழிவு மிதந்து வெளியேறும். தொழுவுரம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். உரம் வேண்டுமென்றால் குளத்துச் செடிகளுக்கான மாத்திரையை விரல் ஆழத்துக்கு மண்ணுக்குள் அழுத்துங்கள். மேலே தூவிய உரம் பாசிக்குத்தான் போகும்.

படுத்து வளரும் கிழங்கென்றால் அதன் வெட்டிய பக்கம் தொட்டியின் சுவரை ஒட்டியும், குருத்து தொட்டியின் நடுவைப் பார்த்தும் சாய்வாக இருக்கட்டும். உருண்டைக் கிழங்கை நடுவில் நேராக நடுங்கள். எப்படி நட்டாலும் குருத்து மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். மூடிவிட்டால் அழுகும். மேலே 2 செ.மீ. கழுவிய கூழாங்கல் பரப்பி, தொட்டியை முழுக்க நனைத்து, சற்றே சாய்த்து இறக்குங்கள். குமிழிகள் வருவது நின்றபின் நிமிர்த்துங்கள். அவசரப்பட்டால் உள்ளே அடைபட்ட காற்று மண்ணையும் கிளப்பிக்கொண்டு வரும். முதலில் 10-15 செ.மீ. தண்ணீர் மட்டும் மேலே நிற்கும்படி செங்கல்மீது வைத்து, இலைகள் மேலே வந்து விரிய விரிய ஒவ்வொரு செங்கல்லாக எடுங்கள்.

6. பிறகு வரும் தொல்லைகள்

முதல் இரண்டு முதல் நான்கு வாரங்கள் தண்ணீர் பச்சையாக இருக்கும். இங்கேதான் பலர் பொறுமையிழந்து தண்ணீரை மாற்றுகிறார்கள். புதுத் தண்ணீரோடு புதுச் சத்தும் வருவதால் பாசி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தொடாமல் விடுங்கள்.

அல்லி இலைகள் மிதக்க இடமின்றி ஒன்றையொன்று முட்டி மேலே எழுந்து நின்று, பூவும் குறைந்தால் தொட்டி நிறைந்துவிட்டது. கிழங்கைப் பிரித்து நட வேண்டும். பழுத்த இலையை அடிவரை கையை விட்டு, காம்போடு எடுங்கள்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் செடி அதிகமாகிவிட்டது என்று பொருள். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. அன்றே நீரடிச் செடியில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து எடுங்கள். எடுத்த கொத்தை ஓரிரு மணி நேரம் கரையிலேயே போட்டு வையுங்கள். அதில் சிக்கிய தலைப்பிரட்டையும் தும்பிப் புழுவும் தண்ணீருக்குத் திரும்பிவிடும்.