உறைய வைத்த மீனைக் கவிச்சி இல்லாமல் வாங்கவும் சமைக்கவும்

உறைய வைத்த மீன் என்றாலே கவிச்சி அடிக்கும் என்று முடிவு கட்டி, அந்தப் பக்கமே போகாதவர்கள் பலர் உண்டு. அந்த முடிவு சரியன்று. பிடித்த சில மணி நேரத்துக்குள் விரைவாக உறைய வைக்கப்பட்டு, இடையில் ஒருமுறைகூட இளகாமல் வீடு வந்து சேர்ந்த மீனில், பனிக்கட்டியின் மேல் பல நாள் கிடந்த மீனைவிட வாடை குறைவாகவே இருக்கும். உறைய வைக்கும்வரை கடந்த நேரம், ஃப்ரீஸரில் கிடந்த காலம், உருக்கும் முறை, வேக வைக்கும் முறை ஆகிய நான்கும்தான் வாடையைத் தீர்மானிக்கின்றன. முதல் இரண்டின் தடயங்களைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். மற்ற இரண்டும் சமைப்பவரின் கையில் இருக்கின்றன. மசாலாவை அள்ளிப் போட்டு வாடையை அமுக்கப் பார்ப்பதைவிட, அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு அங்கேயே தடுப்பது எளிது.

கடல் மீனின் தசையில் டிரைமெத்தில் அமீன் ஆக்ஸைடு என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. உப்பு நீரில் வாழும் உடலின் நீர்ச்சமநிலையைக் காக்க அது உதவுகிறது. அதற்கென்று மணம் கிடையாது. மீன் இறந்த பிறகு பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்தில் அமீனாக மாற்றுகின்றன. மீன் வாடை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் பாக்டீரியாக்களின் வேலை நின்றுவிடுகிறது என்றாலும், அதற்கு முன்பே உண்டாகிவிட்ட அமீன் அப்படியே தங்கிவிடும். இரண்டாவது காரணம் கொழுப்பு. மீன் கொழுப்பு மிக எளிதில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெடக்கூடியது. உறைநிலையிலும் இந்த மாற்றம் மெதுவாக நடந்துகொண்டே இருப்பதால், பழைய எண்ணெயின் சிக்கு நாற்றம் ஏறிவிடும். மூன்றாவது, சில நன்னீர் மீன்களில் வரும் சேற்று வாடை. நீரில் வாழும் சில நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் உடலில் சேர்வதால் அது வருகிறது. இந்த மூன்றும் வெவ்வேறு என்பதால் ஒன்றுக்கு உதவும் மருந்து எல்லாவற்றுக்கும் உதவும் என்று சொல்ல முடியாது.

எந்த மீனை வாங்குவது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. வாடையைத் தாங்க முடியாதவர்களும் முதன்முறையாக உறைய வைத்த மீனைச் சமைப்பவர்களும் காட், ஹாடாக், ஹேக், பொல்லாக் போன்ற கொழுப்புக் குறைந்த வெள்ளைச் சதை மீன்களில் தொடங்குவது நல்லது. கொழுப்பு குறைவாக இருப்பதால் சிக்கு நாற்றம் அவற்றில் அவ்வளவாகச் சேர்வதில்லை. திலாப்பியா போன்ற நன்னீர் மீன்களில் கடல் மீனின் கவிச்சி மிகக் குறைவு. வளர்ந்த குளத்தைப் பொறுத்துச் சேற்று வாடை மட்டும் சில சமயம் இருக்கும். கானாங்கெளுத்தி, மத்தி, சால்மன் ஆகியவை கொழுப்பு மிகுந்தவை. அவற்றின் சுவைக்கு ஈடில்லை என்பது உண்மையே, ஆனால் உறைய வைத்து 2 அல்லது 3 மாதங்களுக்குள் சமைத்துவிட்டால்தான் அந்தச் சுவை கிடைக்கும். வெள்ளைச் சதை மீன்கள் 6 முதல் 8 மாதம் வரை தரம் குன்றாமல் இருக்கும். சுறாவும் திருக்கையும் தனி வகை: அவற்றின் உடலில் யூரியா மிகுதி என்பதால், சரியாகக் கையாளாவிட்டால் அது அமோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். அப்படி வாடை அடிக்கும் துண்டைக் கழுவிச் சரிசெய்யப் பார்க்காமல் விட்டுவிட வேண்டும்.

கடையில் ஃப்ரீஸரின் மேல் அடுக்கில் கிடக்கும் பொட்டலத்தை எடுக்காதீர்கள். திறந்த பெட்டிகளில் இந்த அளவுக்கு மேல் அடுக்கக் கூடாது என்று ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே குளிர் சரியாக எட்டுவதில்லை. கீழிருந்து ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். கல் போல இறுகியிருக்க வேண்டும், எந்த மூலையிலும் வளையக் கூடாது. பிறகு காதருகே வைத்து மெல்லக் குலுக்குங்கள். தனித்தனித் துண்டுகளாக உறைய வைத்தவை ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று ஒலிக்கும். ஒலியே இல்லாமல் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தால், வழியில் எங்கோ இளகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள். பைக்குள் பனித்தூள் நிறைய உதிர்ந்திருப்பதும், ஒரு மூலையில் இளஞ்சிவப்பு நீர் தேங்கி உறைந்திருப்பதும் அதே கதையைத்தான் சொல்லும். இளகி உறையும் ஒவ்வொரு முறையும் சதையின் செல்கள் உடைந்து நீர் கசிகிறது; அந்தக் கசிவு நீரில்தான் பாக்டீரியாக்கள் முதலில் பெருகும்.

துண்டின் நிறத்தையும் பாருங்கள். ஓரங்களில் வெள்ளையாக, பஞ்சு போல உலர்ந்த திட்டுகள் இருந்தால் குளிர்க்காற்று பட்டுச் சதை வறண்டிருக்கிறது. சமைத்தால் அந்த இடம் சக்கையாக இருக்கும். கொழுப்புள்ள மீனில் மஞ்சளாகவோ துருப்பிடித்த நிறமாகவோ தெரியும் ஓரம், கொழுப்பு கெட்டதற்கான தெளிவான அடையாளம். அதை எந்தச் சமையல் முறையாலும் சரிசெய்ய முடியாது. மீனின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பனிப்பூச்சு இருந்தால் அஞ்ச வேண்டாம், காற்றுப் படாமல் காப்பதற்காகவே அதைப் பூசுகிறார்கள். பூச்சு தடிமனாக இருந்தால் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க நேரிடும் என்பதால், பனி நீங்கலான நிகர எடை எவ்வளவு என்று உறையில் படித்துப் பாருங்கள்.

உறையில் படிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. உள்ளடக்கம் என்ற இடத்தில் மீன் மட்டும் இருப்பது சிறந்தது. சோடியம் டிரைபாலிஃபாஸ்பேட் போன்ற பாஸ்பேட் உப்புகள் சேர்த்திருந்தால், அந்த மீன் கூடுதல் நீரைப் பிடித்து வைத்திருக்கும். வாணலியில் போட்டதும் நீரை விட்டு, வறுபடுவதற்குப் பதிலாக அவிந்துபோகும். கப்பலிலேயே உறைய வைத்தது என்ற குறிப்பு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், ஏனெனில் வாடை உண்டாக வாய்ப்பான நேரமே அங்கு மிகக் குறைவு. முழு மீனாக உறைய வைத்து, வேறிடத்தில் உருக்கி வெட்டி, மீண்டும் உறைய வைக்கும் வழக்கமும் இருக்கிறது. இருமுறை உறைந்த அந்தத் துண்டுகள் விலை குறைவாகக் கிடைத்தாலும் சதை தளர்ந்திருக்கும். பனிக்கட்டியின் மேல் பரப்பி விற்கும் மீனில்கூட ஏற்கெனவே உறைய வைத்து உருக்கியவை உண்டு என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. எப்போது உருக்கினார்கள் என்று அறியாத மீனைவிட, உறைந்தபடியே வாங்கி நீங்களே உருக்குவது மேல்.

மற்ற பொருள்களை எல்லாம் வாங்கி முடித்த பிறகு கடைசியாக மீனை எடுத்து, குளிர் தாங்கும் பையில் வைத்து நேரே வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஃப்ரீஸரில் கதவோரத்தில் வைக்காமல் உட்புறத்தில் வையுங்கள். பொட்டலத்தைப் பிரித்துப் பாதி எடுத்தால், மீதியைக் காற்றுப் புகாதபடி உறையோடு இறுக்கிச் சுற்றி, இன்னொரு பையில் போட்டு மூடுங்கள். காட் இன மீன்களில் ஒரு நொதி உறைநிலையிலும் மெல்ல வேலை செய்து சதையை நாராக இறுக்கும்; குளிர் குறையக் குறைய அதன் வேகம் கூடும். ஆகவே ஃப்ரீஸர் மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கிறதா என்று ஒரு வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்ப்பது வீண் வேலையன்று.

உருக்குவதில்தான் பெரும்பாலான வீடுகளில் மீன் கெடுகிறது. சமையல் மேடையில் காலையில் எடுத்து வைத்து மாலையில் சமைத்தால், உள்ளே உறைந்தே இருக்கும்போது வெளிப்புறம் பல மணி நேரம் அறை வெப்பத்தில் கிடந்து வாடை ஏறிவிடும். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், அதாவது 4 டிகிரிக்கு மேற்படாத குளிரில், வைத்துவிடுங்கள். ஒரு தட்டின் மேல் கம்பித்தட்டையோ துளையுள்ள வடிதட்டையோ வைத்து அதன் மேல் மீனைப் பரப்பினால், கசியும் நீர் கீழே இறங்கிவிடும், மீன் அதிலேயே ஊறிக் கிடக்காது. இந்தச் சிறு ஏற்பாடு தரும் பலன், பிறகு செய்யும் எந்தக் கழுவலும் தருவதைவிடப் பெரிது. காற்று நீக்கி அடைத்த பொட்டலமாக இருந்தால் ஃப்ரிட்ஜில் வைப்பதற்கு முன்பே உறையைப் பிரித்துவிட வேண்டும். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நச்சு உண்டாக்கும் பாக்டீரியாவில், காற்றில்லாத இடத்தில் ஃப்ரிட்ஜ் குளிரிலேயே வளரக்கூடிய வகை இருப்பதால் இதில் அலட்சியம் கூடாது. அவசரமாக உருக்க வேண்டுமானால், நீர் புகாத பையில் மீனைப் போட்டுக் குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து, 30 நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். அரை கிலோ மீன் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இளகிவிடும். இளகியதும் உடனே சமைத்துவிட வேண்டும். கானாங்கெளுத்தி, மத்தி, சூரை போன்றவை வெப்பத்தில் கிடந்தால் அவற்றில் ஒவ்வாமை போன்ற உபாதையைத் தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும், அதை மறுபடி உறைய வைத்தாலோ வேக வைத்தாலோ போக்க முடியாது.

உருகிய மீனை எடுத்து முகர்ந்து பாருங்கள். கடற்காற்றின் லேசான மணமோ, மணமே இல்லாமலோ இருந்தால் அதிகம் செய்ய வேண்டியதில்லை. குளிர்ந்த நீரில் விரைவாக ஒரு முறை அலசி, சமையலறைத் தாளாலோ சுத்தமான துணியாலோ எல்லாப் பக்கமும் ஈரம் போக ஒற்றி எடுங்கள். சதைத் துண்டின் நடுவே பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புப் பட்டையைக் கவனியுங்கள்: இரும்புச் சத்தும் கொழுப்பும் அங்கேதான் அதிகம் என்பதால் கொழுப்பு முதலில் கெடுவதும் அங்கேதான். கூரிய கத்தியை இருபுறமும் சரிவாக இறக்கி, அந்தப் பட்டையை மட்டும் வாய்க்கால் வெட்டியது போல எடுத்துவிட்டால் துண்டின் வாடையில் பெரும்பகுதி அதோடு போய்விடும். முழு மீனாக இருந்தால் செவுள் முழுவதையும் நீக்கி, வயிற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வையும், முதுகெலும்பை ஒட்டி உறைந்த இரத்தத்தையும் கரண்டி முனையால் சுரண்டி எடுங்கள்.

லேசான வாடை இருந்தால் மூன்று வழிகள் உண்டு. கடல் மீனின் கவிச்சிக்கு அமிலம் நல்லது: டிரைமெத்தில் அமீன் காரத்தன்மை உள்ளது என்பதால், எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டதும் அது ஆவியாகாத உப்பாக மாறி மூக்கை எட்டாமல் நின்றுவிடும். 10 நிமிடத்துக்கு மேல் ஊறவிட்டால் சதையின் மேற்பரப்பு வெளுத்து இறுகும், ஆகவே நேரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். சேற்று வாடைக்கும் இதே புளிப்பு உதவும், அமிலத்தில் ஜியோஸ்மின் சிதைந்துவிடும். இரண்டாவது வழி, மீன் மூழ்கும் அளவு குளிர்ந்த பாலில் 20 முதல் 30 நிமிடம் ஊற வைத்துப் பாலைக் கொட்டிவிடுவது. பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் வாடைப் பொருளைப் பற்றிக்கொள்கிறது. மென்மையான வெள்ளைச் சதை மீனுக்கு நான் இதையே முதலில் சொல்வேன், ஏனெனில் சுவையில் புளிப்பு ஏறாது. மூன்றாவது உப்பு: ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து அதில் 15 நிமிடம் போட்டு எடுத்தால் சதை சற்று இறுகி, வெந்த பிறகு நீர் விடுவது குறையும். எதைச் செய்தாலும் முடிவில் ஈரத்தை ஒற்றி எடுக்க மறக்காதீர்கள். சிக்கு நாற்றத்துக்கு இவற்றில் எதுவும் பயன்படாது. அமோனியா நெடி அடித்தாலோ, தொட்டால் கொழகொழவென்று இருந்தாலோ, அந்த மீன் அடுப்புக்குப் போகவே கூடாது.

வேக வைப்பதில் ஒரே ஒரு பெரிய விதி உண்டு: குறைவான நேரம். அதிகம் வெந்த மீன் வறண்டு போவதோடு வாடையையும் கூடுதலாக வெளிவிடும். 2.5 சென்டிமீட்டர் தடிமனுள்ள துண்டு, நன்கு சூடான ஓவனில் ஏறத்தாழ 10 நிமிடத்தில் வெந்துவிடும்; உருக்காமல் அப்படியே வைத்தால் அதைப்போல இருமடங்கு நேரம் பிடிக்கும். மெல்லிய வெள்ளைச் சதைத் துண்டுகளை உருக்காமலே சமைப்பது உண்மையில் நல்ல வழி, கசிவு நீருக்கு அங்கு இடமே இல்லை. மேலே உள்ள பனியைக் குளிர்ந்த நீரில் அலசித் துடைத்துவிட்டு எண்ணெய் தடவி வைத்தால் போதும். கண்ணாடி போல் இருந்த சதை வெண்மையாகி, முள்கரண்டியால் தொட்டதும் அடுக்கடுக்காகப் பிரியும்போது இறக்கிவிடலாம். வெப்பமானி இருந்தால் துண்டின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸைத் தொடுவதைப் பாருங்கள்.

வறுப்பதானால் வாணலி நன்றாகக் காய்ந்த பிறகே மீனைப் போட வேண்டும், ஒரே நேரத்தில் நெருக்கிப் போடக் கூடாது. குழம்பில் போடுவதானால் முதலில் குழம்பைப் புளிப்பும் உப்பும் சரியாகக் கொதிக்க வைத்து முடித்துவிட்டு, கடைசி 5 முதல் 8 நிமிடத்துக்கு மட்டும் மீனைச் சேர்த்துத் தீயைத் தணித்துவிடுங்கள். மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் ஆவியோடு வாடையும் வெளியேறும். ஆவியில் அவிக்கும்போது அடியிலும் மேலும் இஞ்சித் துண்டுகளை வைத்து, வெந்ததும் தட்டில் தேங்கிய நீரை முழுவதும் கொட்டிவிட்டுப் புதிதாகச் சூடான எண்ணெயையோ சாற்றையோ ஊற்றுங்கள். அந்த நீரைச் சத்து என்று எண்ணிச் சேர்த்துக்கொள்பவர்கள்தான் பெரும்பாலும் கவிச்சி என்று குறை சொல்கிறார்கள்.

மீந்த மீனை மறுபடி சூடாக்கினால் கொழுப்பு கெட்டுப் புது வாடை கிளம்பும். சமைத்து 2 மணி நேரத்துக்குள் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் முள்ளை நீக்கி உதிர்த்து, எலுமிச்சைச் சாறும் நறுக்கிய வெங்காயமும் மிளகும் கலந்து குளிர்ந்தபடியே சாப்பிடுவது நல்லது. குழம்பாக இருந்தால் மீன் துண்டுகளைத் தனியே எடுத்து வைத்துக் குழம்பை மட்டும் கொதிக்க விட்டு, அடுப்பை அணைத்த பிறகு துண்டுகளை அதில் இட்டுச் சில நிமிடம் மூடி வைத்தால், அந்தச் சூடே அவற்றுக்குப் போதும்.