பழைய டுகாட்டோவை கேம்பராக்கும் முன்: தகட்டில் இருக்கும் நான்கு எண்கள்

பிரிட்டனில் பழைய வேன் வாங்கி கேம்பராக்க, அதாவது உள்ளே தங்கிப் பயணிக்கும் வண்டியாக மாற்ற நினைப்பவர்கள் பார்க்கும் வண்டிகளில் ஃபியட் டுகாட்டோ, பெஜோ பாக்ஸர், சிட்ரோயன் ரிலே மூன்றும் தவறாமல் இருக்கும். அடிப்படையில் மூன்றும் ஒரே வண்டி. இத்தாலியில் அதெஸ்ஸா ஆலையில் 2006 முதல் வந்த தலைமுறையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வேன்கள், இரண்டுக்கும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3500 கிலோ. ஆனால் ஒன்றின் பின் அச்சு 2000 கிலோவும் மற்றதன் பின் அச்சு 2400 கிலோவும் தாங்கும். இதைப் பார்க்காமல் வாங்கி, கட்டில், தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் எல்லாவற்றையும் பின்பக்கம் வைத்துவிட்டால், மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் அச்சு மீறியிருக்கும்.

முதலில் எடை வரம்புகள் பொறித்த ஆலைத் தகட்டைத் தேடுங்கள். டுகாட்டோவில் பானட்டைத் திறந்ததும் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் இருக்கும். அங்கே இல்லையென்றால் முன்கதவுத் தூண்களைப் பாருங்கள். தகட்டில் சேசிஸ் எண்ணுக்குக் கீழே நான்கு எடைகள் இந்த வரிசையில் இருக்கும்:

3500 கிலோ
6000 கிலோ
1 – 1850 கிலோ
2 – 2000 கிலோ

முதல் எண், ஆட்களும் சாமானும் எரிபொருளும் சேர்த்து வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டாவது, பின்னால் டிரெய்லர் மாட்டினால் இரண்டும் சேர்ந்த எடை. இதைப் பார்த்துவிட்டு வேனே 6 டன் தாங்கும் என்று எண்ணுபவர்கள் உண்டு. டிரெய்லர் இழுக்கப் போவதில்லை என்றால் அதை விட்டுவிடலாம். மூன்றாவது முன் அச்சுக்கு, நான்காவது பின் அச்சுக்கு. 1850-ஐயும் 2000-ஐயும் கூட்டினால் 3850 வருகிறதே, அப்படியானால் 350 கிலோ கூடுதலாக ஏற்றலாமா என்றால், கூடாது. பாரம் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ சாய்ந்தாலும் தாங்கட்டும் என்பதற்காகவே அந்த இடைவெளி. மொத்தம், முன், பின் ஆகிய மூன்று வரம்புகளையும் தனித்தனியாக மதிக்க வேண்டும்.

தகடு இந்த வண்டியுடையதுதானா என்பது அடுத்த கேள்வி. பயணி பக்க முன்சக்கர வளைவின் உட்புறத்தில் சேசிஸ் எண் உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும், முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலும் தெரியும். இவையும் தகடும் வி5சி பதிவுப் புத்தகமும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். வி5சியில் எஃப்.1 என்ற வரியில் மொத்த எடை இருக்கும், ஆனால் அச்சு வரம்புகள் இருக்காது. அதனால் புத்தகத்தின் படத்தை மட்டும் அனுப்பும் விற்பனையாளரிடம் தகட்டின் படத்தையும் கேளுங்கள். தகடு பெயின்ட்டில் மறைந்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ, சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்தக் கம்பெனியின் டீலரிடம் ஆலை விவரத்தைக் கேட்டு வாங்கலாம்.

சில வண்டிகளில் இரண்டாவது தகடும் இருக்கும். முன்பு ஆம்புலன்ஸாகவோ மோட்டார்ஹோமாகவோ சக்கர நாற்காலி வண்டியாகவோ மாற்றப்பட்டிருந்தால், மாற்றிய நிறுவனம் தன் தகட்டை ஒட்டியிருக்கும். எண்கள் வேறுபட்டால் கடைசிக் கட்டத்தின் தகடே செல்லும்.

பின்கதவில் ஒட்டியிருக்கும் மாடல் எழுத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். டுகாட்டோவில் 30, 33, 35 என்பவை 3.0, 3.3, 3.5 டன். 'மேக்ஸி' என்றால் கனமான சேசிஸ்: முன் அச்சு 2100, பின் அச்சு 2400. பாக்ஸரில் 335 என்றால் இலகு வகை, 435 என்றால் அதே 3.5 டன்னில் கன வகை. எழுத்தைக் கழற்றி ஒட்டுவது எளிது, சக்கரத்தின் போல்ட்டை மாற்றுவது எளிதல்ல. இலகு வகையில் ஐந்து போல்ட்டுகள் 118 மிமீ வட்டத்திலும் மேக்ஸியில் 130 மிமீ வட்டத்திலும் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் மையங்களுக்கு இடையே அளந்தால் முதலாவதில் ஏறக்குறைய 69 மிமீ, இரண்டாவதில் 76 மிமீ வரும். 15 அங்குலச் சக்கரம் இலகு வகைக்கு உரியது, ஆனால் 16 அங்குலம் என்பதாலேயே மேக்ஸி ஆகிவிடாது.

டயரையும் படியுங்கள். அதில் 215/70 ஆர்15சி 109 என்று இருந்தால், கடைசி எண்ணான 109 பாரக் குறியீடு: ஒரு டயர் 1030 கிலோ தாங்கும், இரண்டும் 2060. அதாவது 2000 கிலோ அச்சுக்கு வெறும் 60 கிலோ மிச்சம். 112 என்றால் 1120, 116 என்றால் 1250, 121 என்றால் 1450. முந்தைய உரிமையாளர் மலிவாகக் குறைந்த எண் டயர் போட்டிருந்தால், தகடு என்ன சொன்னாலும் அந்த அச்சின் பலம் அவ்வளவுதான்.

இனி எடை மேடை. டேங்க் நிறைய டீசல், ஓட்டுநர் உள்ளே, சரக்குப் பகுதி காலி. முழு வண்டி, முன் அச்சு, பின் அச்சு என்று மூன்று முறை நிறுத்தி, அச்சிட்ட சீட்டை வாங்குங்கள். முன் அச்சில் 1180, பின் அச்சில் 790, மொத்தம் 1970 கிலோ வந்ததாக வைத்துக்கொள்வோம். இலகு சேசிஸில் மொத்தத்தில் மீதி 1530, முன் அச்சில் 670, பின் அச்சில் 1210.

இந்த 1210 பெரிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் பின் அச்சுக்கு அப்பால் வைக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைவிடக் கூடுதலாக அதை அழுத்தும், நெம்புகோல் போல. கணக்கு இது (வீல்பேஸ் என்பது முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்): எடை × (வீல்பேஸ் + பின் அச்சுக்குப் பின்னால் உள்ள தூரம்) ÷ வீல்பேஸ். நீளமான வேனின் வீல்பேஸ் 4035 மிமீ. அச்சுக்கு 700 மிமீ பின்னால் 100 லிட்டர் தண்ணீர் வைத்தால் பின் அச்சில் 117 கிலோ ஏறும். 1300 மிமீ பின்னால் தொங்கும் 60 கிலோ சைக்கிள் ஸ்டாண்டு 79 கிலோவாகும். 160 கிலோ வைத்தீர்கள், ஏறியதோ 196. கூடுதல் 36 கிலோ முன் அச்சிலிருந்து வந்தது. முன்சக்கரம்தான் இந்த வண்டியை இழுக்கிறது, எனவே ஈரப் புல்லில் சுழன்று நிற்கவும் இதுவே காரணமாகும். அச்சுக்கு முன்னால் வைக்கும் பொருளுக்கு அந்தத் தூரத்தைக் கூட்டாமல் கழியுங்கள்.

பலகையில் நிறைய சேமிக்கலாம். 2440×1220 அளவு, 12 மிமீ பிர்ச் பிளைவுட் ஒன்று ஏறக்குறைய 24 கிலோ, பாப்லர் 16 கிலோ. 12 பலகைக்கு 96 கிலோ வித்தியாசம். எல்லாம் எழுதிக் கூட்டிய பிறகும் ஒவ்வொரு வரம்பிலும் குறைந்தது 100 கிலோ காலியாக விடுங்கள். திருகு, ஒயர், துணிமணி, பாத்திரம் யாருடைய பட்டியலிலும் சரியாக வருவதில்லை.

கூட்டிப் பார்த்து மீறுகிறது என்றால், பின்னால் ஏர் சஸ்பென்ஷன் பை மாட்டினால் போதும் என்று சொல்வார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் பையை மாட்டியதால் மட்டும் தகட்டின் எண் மாறாது. எண்ணை உயர்த்தப் பொறியியல் ஆய்வும் புதிய தகடும் டிவிஎல்ஏ (வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிம அமைப்பு) பதிவும் வேண்டும். மொத்த எடை 3500-ஐத் தாண்டினால் சாதாரண கார் உரிமமான பி-யில் டீசல் வேனை ஓட்ட முடியாது, அதைவிடக் கனமான வண்டிகளுக்கான சி1 வேண்டும். 1997 ஜனவரி 1-க்கு முன் கார் தேர்வில் தேறியவர்களிடம் பொதுவாக அது இருக்கும், ஆனால் 70 வயதில் மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும். சி1 இல்லாதவர் பின்பாரம் அதிகமான அமைப்பை விரும்பினால் 3500 கிலோ மேக்ஸியைத் தேடுவதே நல்லது. அது இலகு வகையைவிடத் தானே கொஞ்சம் கனம், எனவே மொத்தத்தில் ஏற்றக்கூடிய பாரம் அந்த அளவு குறையும்.

வழியில் டிவிஎஸ்ஏ (வாகனங்களைச் சோதிக்கும் அரசு அமைப்பு) நிறுத்தி எடை போட்டால் 10 சதவீதத்துக்குள் மீறலுக்கு 100 பவுண்டு, 15-க்குள் 200, 30 வரை 300, அதற்கு மேல் நீதிமன்றம். அச்சு வரம்பை மீறினாலும் அபராதம் உண்டு. தகட்டின் படம், காலி வண்டியின் எடைச் சீட்டு, வேலை முடிந்தபின் தண்ணீரும் ஆட்களுமாக எடுத்த சீட்டு மூன்றையும் வண்டியிலேயே வையுங்கள்.