பிக்கப்பில் நெடும்பயணம்: கார் ஓட்டிப் பழகியவர்கள் செய்யும் தவறுகள்

பண்ணாரியில் டீ குடிக்க நிறுத்தியிருந்தோம். கோவையிலிருந்து ஹம்பிக்குப் பயணம். முன்னால் கார் மாதிரி கேபின், பின்னால் திறந்த சரக்குத் தொட்டி என்று இருக்கும் பிக்கப்பை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்தில் நின்ற லாரியின் டிரைவர், டீ டம்ளரும் கையுமாக என் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "தம்பி, வண்டி மூக்கைத் தூக்கிட்டு நிக்குது பாருங்க. இப்படியே திம்பம் ஏறுனா ஸ்டியரிங் பேச்சு கேக்காது" என்றார்.

கூடாரம், அடுப்பு, 20 லிட்டர் தண்ணீர் கேன் நான்கு, டூல்ஸ் பெட்டி என்று அத்தனையையும் பின்கதவை ஒட்டியே அடுக்கியிருந்தேன். திறந்தவுடன் கைக்கு எட்டட்டும் என்ற எண்ணம்தான். கார் டிக்கியில் அப்படித்தானே வைப்போம்? அவரும் கிளீனரும் சேர்ந்து பத்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக் கட்டிக் கொடுத்தார்கள். டீக் காசைக்கூட என்னைக் கொடுக்க விடவில்லை.

2016-ல் இசுசு வி-கிராஸும் 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸும் இந்தியாவுக்கு வந்த பிறகு, குடும்பத்தோடு பிக்கப்பில் ஊர் சுற்றுகிறவர்களை நெடுஞ்சாலையில் அடிக்கடி பார்க்க முடிகிறது. உள்ளே உட்கார்ந்தால் அது கார்தான்: தொடுதிரை, ஏசி, சொகுசு சீட். குனிந்து அடியில் பார்த்தால் லாரி தெரியும். ஏணி போல ஓர் இரும்புச் சட்டம், பின்னச்சின் மேல் அடுக்கடுக்காகப் பட்டைகள் வைத்த லீஃப் ஸ்பிரிங். நான் செய்ததும் பிறர் செய்யப் பார்த்ததுமான தவறுகள் எல்லாமே, மேலே தெரிகிற காரை நம்பி அடியில் இருக்கிற லாரியை மறந்ததால் வந்தவை.

லோடு எங்கே உட்காருகிறது

பின்னச்சுக்குப் பின்னால் எடை வைத்தால் வண்டி சீசா பலகை போல ஆகிவிடும். பின்னச்சுதான் நடுக்கட்டை. வால் இறங்க இறங்க மூக்கு எழும். முன்சக்கரங்களின் மேல் எடை குறையும்போது ஸ்டியரிங் லேசாகும், வளைவில் வண்டி நாம் சொல்வதைவிட அகலமாகப் போகும், முன் பிரேக்கின் பிடியும் குறையும். இரவில் இன்னொரு தொல்லை சேரும். ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் நம்மைத் திட்டிக்கொண்டே போவார்கள். ஹெட்லைட்டின் உயரத்தைத் தாழ்த்த டேஷ்போர்டில் ஒரு சின்னத் திருகி பெரும்பாலான வண்டிகளில் உண்டு. அது எதற்கென்று தெரியாமலே பல வருடம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கனமான பொருள் எதுவாக இருந்தாலும் தொட்டியின் முன்சுவரை ஒட்டி, தரையோடு தரையாக இருக்க வேண்டும். லேசானவை அதன் பின்னாலும் மேலும் வரலாம். அடிக்கடி எடுக்க வேண்டிய பொருள் என்றால், அது கனமில்லாததாக இருக்கும்படி திட்டம் போடுங்கள். தண்ணீர் கேன் முன்னால், பிளாஸ்டிக் நாற்காலி பின்னால்.

அடுத்து, எவ்வளவு ஏற்றலாம் என்பது. பிக்கப்தானே, எதையும் தாங்கும் என்பது பெரிய மூடநம்பிக்கை. வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். மிச்சம் இருப்பது சாமானுக்கு மட்டுமான கணக்கு இல்லை. ஐந்து பேர், ஆளுக்கு 70 கிலோ என்றால் அங்கேயே 350 போய்விட்டது. தொட்டியின் மேல் கேனப்பி எனும் கூரை மூடியைப் போட்டு, அதன் மேல் விரிக்கும் கூடாரத்தையும் ஏற்றினால் இன்னும் 100 கிலோவுக்கு மேல். சொந்த உபயோகத்துக்கென விற்கும் டபுள் கேப் (இரண்டு வரிசை சீட் உள்ள) பிக்கப்களில் இந்த மிச்சம் பலரும் நினைப்பதைவிடக் குறைவு. சந்தேகமாக இருந்தால் கிளம்புவதற்கு முந்தைய நாள் எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களையும் உட்கார வைத்து, ஊர் எல்லையில் இருக்கும் எடைமேடைக்கு ஒருமுறை போய் வாருங்கள். லாரிக்காரர்கள் தினமும் செய்கிற காரியம்தான்.

காலி வண்டியும் ஆபத்துதான்

இதைச் சொன்னால் நண்பர்கள் நம்புவதில்லை. லீஃப் ஸ்பிரிங் லோடுக்காகச் செய்தது. தொட்டி காலியாக இருந்தால் பின்பக்கம் குதித்துக்கொண்டே வரும். பின்சீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு முதுகு போய்விடும். டபுள் கேபில் பின்சீட்டின் சாய்மானம் வேறு கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும். மழையில் விஷயம் இன்னும் மோசம். பின்சக்கரத்துக்கு மட்டும் ஓட்டம் போகிறது, ஆனால் அதன் மேல் எடை இல்லை. முதல் மழை பெய்து எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த ஒரு சர்வீஸ் ரோடு திருப்பத்தில் என் வண்டியின் வால் ஒருமுறை தனியாகக் கிளம்பிப் போனது. வேகம் முப்பதுகூட இருக்காது.

மழைக்காலப் பயணத்துக்குத் தொட்டி காலியாக இருந்தால் மூன்று மணல் மூட்டை போட்டுக்கொள்வேன். பின்னச்சுக்குச் சற்று முன்னால், முன்சுவரை ஒட்டி, நகராதபடி கட்டி. கட்டாத மூட்டை வைப்பதைவிட வைக்காமலே இருப்பது நல்லது.

இதோடு சேர்ந்தது டயர் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். லோடு இல்லாதபோது எவ்வளவு, முழு லோடில் எவ்வளவு என்று அதில் போட்டிருப்பார்கள். பிக்கப்பின் பின்டயருக்கு இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். பங்கில் "எவ்வளவு சார்?" என்று கேட்டால் பழக்கத்தில் கார் கணக்கு வாயில் வந்துவிடும், கவனம். காற்றைக் காலையில், டயர் சூடாகும் முன் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய டயரில் அளவு கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், டயர் ஆறியதும் அளவு குறைந்துபோய் நிற்கும். குறைந்த காற்றும் கனமான லோடும் மே மாதத் தாரும் சேர்ந்தால் டயர் வெடிக்க வேறு காரணம் தேவையில்லை.

4எச் குமிழ்

நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் ஓட்டத்தை அனுப்புவது 4எச். வாங்கிய புதிதில் அந்தக் குமிழைத் திருகிப் பார்க்காத ஆள் கிடையாது. நான்கு சக்கரமும் ஓடினால் பிடிமானம் கூடும், நெடுஞ்சாலையில் பாதுகாப்பு என்று நினைத்து 4எச்-இலேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியவரை எனக்குத் தெரியும்.

நம் ஊரில் கிடைக்கும் பிக்கப்களின் அமைப்பில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. 4எச் போட்டால் இரண்டு அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேறு, மணல் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. முறுக்கமெல்லாம் கியர்களிலும் ஷாஃப்ட்களிலும் ஏறும். யாரோ பிரேக்கைப் பிடித்திருப்பது போல வண்டி இழுக்கும், திருப்பத்தில் கடகடவென்று அடிக்கும். அப்படியே ஓட்டினால் செலவு பெரிது. அதே குமிழில் உள்ள 4எல், நான்கு சக்கரத்தையும் தாழ்ந்த கியரில் ஓட்டும், இன்னும் மெதுவான வேலைக்கானது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்ட பிறகுதான் மாற்ற வேண்டும். அப்புறம் ஒரு விஷயம்: நான்கு சக்கர ஓட்டம் வண்டியைக் கிளப்ப உதவுமே தவிர, நிறுத்தும் தூரத்தைக் குறைக்காது.

மலையில்

ஹைலக்ஸ், வி-கிராஸ் இரண்டுமே ஏறத்தாழ 5.3 மீட்டர் நீளம். ஸ்விஃப்ட் 4 மீட்டருக்கும் குறைவு. கொண்டை ஊசி வளைவில் காரை வளைக்கிற இடத்தில் பிக்கப்பை வளைத்தால் பின்சக்கரம் உள்பக்க ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும். அங்கே பள்ளமோ மைல்கல்லோ இருந்தால் போச்சு. திம்பத்தில் 27 வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. பஸ் டிரைவர்கள் எப்படி அகலமாக எடுத்துத் திருப்புகிறார்கள் என்று முதல் சில வளைவுகளில் பின்னாலிருந்து பாருங்கள், கை தானாகப் படிந்துவிடும். குறுகலான இடத்தில் மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி.

இறங்கும்போது லாரிக்காரர்களின் பழைய கணக்கு ஒன்று உண்டு. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. இரண்டரை டன்னுக்கும் மேலான எடையை பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் பாதி மலையில் பிரேக் சூடேறிப் பிடி தளரும், கருகிய வாடை வரும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் மேனுவலுக்கு மாற்றி கீழ் கியரில் பிடித்துக்கொள்ளுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது அசட்டுத்தனம். கியரில் இருக்க, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய டீசல் எஞ்சின் டீசலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கும்.

திறந்த தொட்டி

தார்ப்பாயோ மூடியோ போட்டாயிற்று, சாமான் பத்திரம் என்று நம்பினேன். ஹொஸ்பேட்டையை நெருங்கியபோது இரும்புத்தாது மண்ணின் செந்தூசு எங்கள் துணிப் பையெல்லாம் குங்குமம் பூசியிருந்தது. ஓடுகிற வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், பின்கதவின் இடுக்கு வழியாகத் தூசியை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே எவ்வளவு இறுக்கி மூடினாலும் பயனில்லை. கதவின் மூன்று ஓரத்திலும் ரப்பர் பட்டை ஒட்டினால் பெருமளவு நிற்கும். துணிமணியை வாய் இறுகும் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டுவிட்டால் மழைக்கும் கவலையில்லை.

வால்பாறைப் பக்கம் நிறுத்திவிட்டு இறங்கினால் குரங்குகள் தார்ப்பாய் முடிச்சை அவிழ்க்க அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும். அது சிரிப்போடு போகும். ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் அப்படியில்லை. அங்கே கரும்பு லாரிகளை யானைகள் மறிப்பது வாடிக்கை. திறந்த தொட்டியில் வாழைத்தாரும் பலாப்பழமும் வைத்துக்கொண்டு அந்த வழியே போகாதீர்கள். இரவுக் கட்டுப்பாடுகளையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை வழி கிடையாது. திம்பத்தில் சரக்கு வண்டிகளுக்கு மாலையிலேயே அடைத்துவிடுவார்கள். உங்கள் நம்பர் பிளேட் மஞ்சளாக இருந்தால் நீங்களும் சரக்கு வண்டிதான்.

தொட்டியில் ஆட்களை உட்கார வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சொந்தக்காரப் பையன்கள் எவ்வளவு கெஞ்சினாலும் முடியாது என்று சொல்லுங்கள். அங்கே சீட்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை, விபத்து என்றால் இன்சூரன்ஸும் கைவிடும்.

எரிபொருள் கேன்களும் தேவைக்கு மீறிய பகட்டு என்பது என் கருத்து. மணாலி–லே சாலையில் தாந்தியில் இருக்கும் 'அடுத்த பங்க் 365 கி.மீ.' பலகையைப் படம் பிடிக்காதவர் இல்லை. லோடோடு லிட்டருக்கு 9 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 40 லிட்டர் சொச்சம்தான் ஆகும். ஹைலக்ஸ் டேங்க் 80 லிட்டர். நிரப்பிக்கொண்டு போனால் போதும். அடுப்புக்கோ ஜெனரேட்டருக்கோ பெட்ரோல் கேன் வேண்டியே இருந்தால், அதைத் தொட்டியில் வைத்தபடி நிரப்பாதீர்கள். பிளாஸ்டிக் விரிப்பின் மேல் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி கிளம்பலாம். கேனைத் தரையில் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும்.

ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். நீளமான கம்பியை உள்ளே விட்டுச் சுற்றினால்தான் இறங்கும். வீட்டு வாசலில் ஒருமுறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். சேறு ஏறித் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தால், அது நடுக்காட்டில் தெரியவருவதைவிட வாசலில் தெரிவது மேல்.

கிளம்பிய பிறகு முதல் நிறுத்தம் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். குலுக்கலில் லோடு இறங்கி உட்கார்ந்திருக்கும், நீங்கள் இறுக்கிக் கட்டிய கயிற்றில் இரண்டு விரல் தாராளமாக நுழையும். அங்கே இன்னொரு முறை இறுக்கிவிட்டு டீ சாப்பிடலாம்.