மியூசியம் கட்டடத்தை போட்டோ எடுக்கறது எப்படி: கீழடியில பழகிட்டு பெங்களூர் போங்க

மாடர்ன் ஆர்ட் மியூசியம் போற முக்காவாசி பேர் சுவத்துல மாட்டியிருக்கற படத்தை மட்டும் எடுத்துட்டு வந்துடறாங்க. அந்த படம் நெட்லயே நல்லா கிடைக்கும், ஆனா அந்த ஹாலுக்குள்ள வெளிச்சம் எப்படி இறங்குது, படிக்கட்டு எங்க திரும்புதுங்கறதெல்லாம் நீங்க எடுத்தாத்தான் உண்டு. நியூயார்க் குகன்ஹைம்ல (1959) ஃப்ராங்க் லாய்ட் ரைட் சுத்தி சுத்தி ஏறுற சாய்தளத்தையே காலரியா ஆக்கிட்டாரு, அங்க போய் கட்டடத்தை விட்டுட்டு வந்தா பாதியை பாக்காம வந்த மாதிரிதான்.

மதுரையில அந்த அளவுக்கு மாடர்ன் ஆர்ட் மியூசியம் இல்ல, ஆனா கை பழக எடத்துக்கு பஞ்சமே இல்ல. கீழடி அருங்காட்சியகம் 2023-ல தொறந்தது, செட்டிநாட்டு வீட்டு பாணியில தூணும் முற்றமும் வச்சு கட்டியிருக்காங்க. அதே வருஷம் தொறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நத்தம் ரோட்டுல இருக்கு, புது கட்டடத்துக்கு அது. பெரிய தூணு வேணும்னா 1636-ல கட்டின நாயக்கர் மஹால். எங்க போனாலும் டிக்கெட் கவுண்டர்லயே கேட்டுருங்க, போட்டோ எடுக்கலாமா, கேமராவுக்கு தனி டிக்கெட்டா, ஸ்டாண்டு விடுவாங்களான்னு. ஃப்ளாஷை வாசல்லயே ஆஃப் பண்ணிருங்க.

முதல்ல தூண் நேரா நிக்கணும், மத்ததெல்லாம் அப்புறம்தான். கொத்தனார் தூக்குக்குண்டு போட்டு நிறுத்துன தூணை நம்ம போன் சாய்ச்சுப்புடும், ஏன்னா உசரத்தை பிடிக்கறேன்னு போனை மேல அண்ணாத்துனா சென்சார் சுவத்துக்கு இணையா இருக்காது, தூணெல்லாம் மேல போகப்போக ஒண்ணோட ஒண்ணு சாஞ்சுக்கும். கிரிட் லைனை (ஸ்க்ரீன்ல குறுக்கும் நெடுக்குமா வர்ற கோடு) ஆன் பண்ணி போனை செங்குத்தா பிடிச்சு, எவ்வளவு முடியுமோ அவ்வளவு பின்னால போங்க, மஹால்ல முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் வரைக்கும் போகலாம். கீழ தரை நிறைய விழும், விழட்டும், அப்புறமா கிராப் பண்ணிக்கலாம். மாடி இருந்தா ஏறிருங்க, பாதி உசரத்துல இருந்து எடுத்தா போனை தூக்க வேண்டிய அவசியமே வராது. 0.5 ஒய்டு லென்ஸை பாத்ததும் கை அரிக்கும், ஆனா அது ஓரத்துல இருக்கறதை இழுத்துவிடும், ஓரத்துல ஆள் நின்னா தலை நீண்டுரும், அதனால இடமே இல்லாத ரூமுக்கு மட்டும் அதை வச்சுக்கங்க.

அடுத்தது வெளிச்சம். கீழடி முற்றத்துல மத்தியான வெயில் கண்ணை கூசும், தாழ்வாரத்துக்குள்ள இருட்டா இருக்கும், ரெண்டையும் ஒரே போட்டோவுல கேமரா தாங்காது. வெளிச்சமான எடத்துல தொட்டு ஃபோகஸ் வச்சு எக்ஸ்போஷரை, அதாவது போட்டோவோட வெளிச்ச அளவை, கொஞ்சம் கீழ இறக்குங்க, வெளுத்துப்போனது திரும்ப வராது, இருட்டை எடிட்டிங்ல ஓரளவு தூக்கிறலாம். காலையில தொறந்த உடனே போறது நல்லது, அதைவிட நல்லது ஐப்பசி கார்த்திகையில மேகம் போட்ட நாள், நிழல் அப்படியே பஞ்சு மாதிரி ஆகிரும். வெள்ளை சுவர் காலரியில நேர்மாறு, கேமரா சுவத்தை சாம்பலா காட்டும், அங்க எக்ஸ்போஷரை +0.7 ஏத்திக்கங்க.

உள்ள எல்ஈடி லைட்டுக்கு கீழ எடுத்தா சில போட்டோவுல கோடு கோடா பட்டை விழும். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், பல லைட்டு செகண்டுக்கு 100 தடவை கூடிக் குறையும், கண்ணுக்கு தெரியாது ஆனா கேமராவுக்கு தெரியும். கேமரா ஆப்போட ப்ரோ மோடுல ஷட்டர் ஸ்பீடை 1/50 இல்லன்னா 1/100 செகண்டுல வச்சு பாருங்க, பெரும்பாலும் போயிரும். ஸ்டாண்டு விடலன்னா முழங்கையை விலாவோட ஒட்டி, தூண்ல சாஞ்சு நின்னு, தொடர்ந்து நாலஞ்சு எடுங்க, ஒண்ணாவது ஆடாம வரும்.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கற பானையை எடுக்கணும்னா கருப்பு சட்டை போட்டுட்டு போங்க, வெள்ளை சட்டைன்னா கண்ணாடியில முதல்ல நீங்கதான் தெரிவீங்க.

எவ்வளவு பெரிய ஹால்னு தெரிய ஒரு ஆள் வேணும். ஃப்ரேமை முடிவு பண்ணிட்டு அசையாம காத்திருங்க, ஸ்கூல் பிள்ளைங்க வரிசையா தாண்டிப் போறப்போ முதுகுப்பக்கமா எடுத்தா அழகா இருக்கும், முகம் தெரியற மாதிரின்னா கூட வர்ற டீச்சர்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுக்கணும்.

இதெல்லாம் கைக்கு வந்தா பெங்களூர் கஸ்தூர்பா ரோட்டுல இருக்கற மேப் (MAP, Museum of Art & Photography) மியூசியம் போங்க, அதுவும் 2023-ல தொறந்ததுதான். வெளிச்சுவர் முழுக்க எக்ஸ் மாதிரி அழுத்துன ஸ்டீல் தகடு. வெயில் பக்கவாட்டுல விழறப்போ 2எக்ஸ் இல்ல 3எக்ஸ் ஜூம்ல தகடை மட்டும் எடுங்க, நேருக்கு நேரா வெயில் அடிச்சா மேடு பள்ளம் தெரியாம தட்டையா போயிரும்.

போட்டோவை போஸ்டரா விக்கற யோசனை இருந்தா ஒண்ணு கவனிங்க. 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 52-வது பிரிவுல கட்டடத்தை போட்டோ எடுக்கறதுக்கும், மக்கள் போற எடத்துல நிரந்தரமா இருக்கற சிற்பத்தை எடுக்கறதுக்கும் விலக்கு இருக்கு, சுவத்துல இருக்கற ஓவியத்துக்கு அந்த விலக்கு இல்ல. அதனால ஓவியம் பெருசா விழுற ஃப்ரேமை விக்கறதுக்கு முன்னாடி மியூசியத்துக்கிட்டயும் ஓவியர்கிட்டயும் எழுத்துல அனுமதி வாங்கிருங்க.